படுக்கை யார் கையில், பந்தி யார் கையில்: அமெரிக்கப் பல்கலைகளின் பெயரும் கிரேக்க எழுத்து வீடுகளும்

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. "ரேங்கில் மேலே இருக்கிற காலேஜில் இந்த ஃப்ரட்டர்னிட்டிக் கூத்தெல்லாம் இருக்காது, அதெல்லாம் தெற்கத்திப் பக்கத்து ஸ்டேட் யுனிவர்சிட்டி சமாச்சாரம்" என்பது ஒன்று. "நாலு பெரிய இடத்துப் பிள்ளைகளோடு பழகினால்தானே நாளைக்கு வேலைக்கு வழி பிறக்கும்" என்பது இன்னொன்று. ஃப்ரட்டர்னிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஆண் மாணவர் சங்கம், பெண்களுடையது சொராரிட்டி; பல சங்கங்கள் உறுப்பினர் தங்கச் சொந்த வீடும் வைத்திருக்கும். இந்த இரண்டு நம்பிக்கைகளையும் ஒரே வீட்டில் கேட்கலாம். முதலாவது தவறு. இரண்டாவது சில இடங்களில், சிலருக்கு மட்டும் பலிக்கிறது.

டார்ட்மத் கல்லூரி, ஐவி லீக் என்ற எட்டுப் பேர்பெற்ற பல்கலைகளில் ஒன்று. அங்கே சேரத் தகுதி உள்ள மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதாவது ஒரு ஃப்ரட்டர்னிட்டியிலோ சொராரிட்டியிலோ இருக்கிறார்கள். கார்னெலிலும் எம்.ஐ.டி.யிலும் பல பத்து வீடுகள் இயங்குகின்றன. ரைஸ், கால்டெக், நோட்ர டேம் மூன்றிலும் ஒன்றுகூடக் கிடையாது. இந்த ஆறுமே தரவரிசையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆகவே ரேங்கைப் பார்த்து, அங்கே கிரேக்க எழுத்து வீடுகள் வலுவாக இருக்குமா என்று சொல்லிவிட முடியாது. சொல்ல வேண்டுமென்றால் வேறு இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவன் எங்கே தூங்குகிறான்? இரவுச் சாப்பாட்டை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்? படுக்கையும் பந்தியும் பல்கலையின் கையில் இருந்தால் ஃப்ரட்டர்னிட்டி சுருங்குகிறது. ஃப்ரட்டர்னிட்டிகளின் கையில் இருந்தால் அவைதான் வளாகத்தின் எசமானர்கள். பல்கலையின் பெயர் இதற்குள் நுழைவது பணத்தின் வழியாக. பேரும் நன்கொடையும் சேர்ந்த கல்லூரிகளால் படுக்கைகளைக் கட்ட முடிந்தது.

இந்த அமைப்புகளின் தொடக்கம் கல்விப் பெருமையோடு ஒட்டியதுதான். 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் கிரேக்க எழுத்துப் பெயரோடு வந்த முதல் சங்கம். இரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி எல்லாம் அதற்கும் இருந்தன. 1831இல் ஹார்வர்ட் கிளை இரகசியத்தைக் கைவிட்டது; பிறகு அது முழுக்க மதிப்பெண்ணில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் சங்கமாக மாறியது. இன்று ஒருவர் தன் தகுதிக் குறிப்பில் ஃபை பீட்டா கப்பா என்று போட்டால் படிப்பாளி என்று அர்த்தம், ஒரு சமூக ஃப்ரட்டர்னிட்டியின் எழுத்துகளைப் போட்டால் அந்த அர்த்தம் இல்லை. நம்மவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

இன்றைய சமூக ஃப்ரட்டர்னிட்டிகளின் தாய்வீடு நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி. 1825இல் கப்பா ஆல்ஃபா, 1827இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை. அப்போது அவை சின்ன நட்புக் குழுக்கள், சொந்த வீடு கிடையாது. வீடு பின்னால் வந்தது, அதற்குக் காரணமும் கல்லூரிகளே. ஜெர்மானியப் பல்கலைகளைப் பார்த்து வியந்த அமெரிக்கத் தலைவர்கள் சிலர், மாணவரைத் தங்கவைப்பது பல்கலையின் வேலை அல்ல என்று நினைத்தார்கள். மிச்சிகனில் ஹென்றி டாப்பன் 1850களில் விடுதி அறைகளை வகுப்பறைகளாக மாற்றினார். ஊரில் அறை தேடி அலைந்த பிள்ளைகளுக்கு, சேர்ந்து வீடு பிடிப்பது இயல்பான தீர்வு. பழைய மாணவர்கள் பணம் போட்டார்கள், வீடு வந்தது, சமையலாள் வந்தார். கல்லூரி விட்ட இடத்தைச் சங்கம் பிடித்துக்கொண்டது.

அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு ஹார்வர்டும் யேலும் சாட்சி. எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் 1920களின் இறுதியில் ஹார்வர்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார். அந்தப் பணத்தில் எழுந்த, ஹவுஸ் என்ற மாணவர் குடியிருப்புகளில் முதலாவன 1930இல் திறந்தன. அவர் பணத்திலேயே யேலின் குடியிருப்புக் கல்லூரிகள் 1933இல் திறந்தன. ஒவ்வொன்றிலும் சொந்தச் சாப்பாட்டுக் கூடம், சொந்த நூலகம், கூடவே குடியிருக்கும் பேராசிரியர். மாணவனுக்கு வீட்டு உணர்வைக் கொடுக்கும் வேலையைப் பல்கலையே எடுத்துக்கொண்டுவிட்டது. ரைஸ் 1957இல் இதே வழியில் போனது.

வில்லியம்ஸ் கல்லூரியின் கதை இன்னும் தெளிவானது. 1962இல் அதன் அறங்காவலர்கள் ஆஞ்சவைன் குழுவின் அறிக்கையை ஏற்று, 15 ஃப்ரட்டர்னிட்டிகளின் கையிலிருந்த குடியிருப்பையும் சாப்பாட்டையும் கல்லூரியே எடுத்து நடத்துவது என்று முடிவு செய்தார்கள். மேல்வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ எல்லோரும் அப்போது சாப்பிட்டது ஃப்ரட்டர்னிட்டிப் பந்தியில்தான். எந்த வீட்டிலும் சேர்க்கப்படாத கொஞ்சம் பேருக்கு அந்தச் சிறு ஊரில் வாழ்க்கையே வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதாக இருந்தது. பழைய மாணவர்கள் பலர் கொதித்தார்கள். கல்லூரி அசையவில்லை, வீடுகளைத் தன் பொறுப்பில் கொண்டுவந்தது, புதிய குடியிருப்புகளைக் கட்டியது. ஆம்ஹர்ஸ்ட் 1984இல் ஃப்ரட்டர்னிட்டிகளை ஒழித்தது. போடின் 1997இல் முடிவெடுத்து, அந்த வீடுகளையே கல்லூரி இல்லங்களாக மாற்றியது. மூன்றும் இன்று நாட்டின் முதல் வரிசைக் கலை அறிவியல் கல்லூரிகள். ஃப்ரட்டர்னிட்டியை ஒழித்ததால்தான் அவற்றின் பெயர் உயர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மூன்றும் முன்பே வசதியான கல்லூரிகள், ஒழிக்கும் செலவைத் தாங்க முடிந்தவை. பணமில்லாத சிறு கல்லூரி, 300 படுக்கைகளைத் தம் கையில் வைத்திருக்கும் 10 சங்கங்களை மூடிவிட்டு அந்த 300 பேரை எங்கே படுக்க வைக்கும்?

எம்.ஐ.டி.யில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உலகமே வணங்கும் ஒரு நிறுவனம் படுக்கைக் கணக்கில் சிக்கிக்கொண்ட கதை அது. 1990களில் அங்கே சேரும் முதலாண்டு மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வளாகத்துக்கு வெளியே ஃப்ரட்டர்னிட்டிகளிலும் மாணவர்களே நடத்தும் தனி இல்லங்களிலும் குடியேறினார்கள். ஊருக்கு வந்து இறங்கி, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, சில நாட்களுக்குள் எந்த வீடு என்று முடிவு செய்துவிட வேண்டும். 17, 18 வயதுப் பிள்ளை, வந்த வாரத்திலேயே! இதைப் பல்கலை பொறுத்துக்கொண்டது மட்டும் அல்ல, இதையே நம்பி இருந்தது. எல்லா முதலாண்டு மாணவர்களையும் வளாகத்துக்குள் தங்கவைக்க அதனிடம் இடம் போதவில்லை. 1997 செப்டம்பரில் முதலாண்டு மாணவர் ஒருவர் ஃபை காமா டெல்டா வீட்டில் நடந்த சேர்க்கை நிகழ்ச்சியில் அளவுக்கு மீறிக் குடித்து, சில நாள் கழித்து உயிரிழந்தார். வகுப்பு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2000ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. அந்தக் குடும்பத்தோடு 60 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் ஒரு பகுதி உதவித்தொகை நிதி.

முதலாண்டு மாணவர் அனைவரும் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும் என்ற முடிவு 1998இலேயே வந்துவிட்டது. நடைமுறைக்கு வந்தது 2002இல். நடுவில் ஏன் நான்கு ஆண்டுகள்? கட்ட வேண்டியிருந்தது. சுமார் 350 பேர் தங்கும் சிம்மன்ஸ் ஹால் 2002இல் திறந்த பிறகுதான் விதி செயலானது. எம்.ஐ.டி.யின் ஃப்ரட்டர்னிட்டிகள் சாகவில்லை; முதலாண்டு வாடகை வருமானம் போனதால் சில வீடுகள் தள்ளாடின, மற்றவை இரண்டாம் ஆண்டு மாணவர்களை வைத்துச் சமாளித்தன. ஆனால் புதுப் பிள்ளை கூரை வேண்டும் என்பதற்காக ஃப்ரட்டர்னிட்டியில் சேரும் நிலை முடிந்தது. அந்த ஒரே மாற்றம், பத்துக் கருத்தரங்கும் நூறு விழிப்புணர்வுச் சுவரொட்டியும் செய்ய முடியாததைச் செய்தது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் டார்ட்மத்? அதற்கு வேண்டிய பணம் உண்டு, விடுதிகளும் உண்டு. 2016இல் மாணவர் அனைவரையும் ஆறு இல்லச் சமூகங்களாகப் பிரித்தும் பார்த்தது. இருந்தும் ஃப்ரட்டர்னிட்டிகள் அசையவில்லை. காரணம் அதன் பாடத்திட்ட நாட்காட்டி. 1972இல் பெண்களைச் சேர்த்தபோது, புதுக் கட்டடங்கள் அதிகம் கட்டாமல் கூடுதல் மாணவர்களை வைத்துக்கொள்ள, ஆண்டு முழுக்க நான்கு பருவங்கள் நடத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் ஆண்டின் கோடைக்கு எல்லோரும் வளாகத்தில் இருக்க வேண்டும். மற்றபடி ஒருவர் இலையுதிர் பருவத்தில் இல்லை, அவருடைய அறைத்தோழர் குளிர்காலத்தில் இல்லை. விடுதி அறை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. மாறாமல் இருக்கும் ஒரே இடம் ஃப்ரட்டர்னிட்டி வீட்டின் கீழ்த்தளம். டார்ட்மத் இருக்கும் ஹானோவர் சின்ன ஊர். இரவு 10 மணிக்கு மேல் போவதற்கும் அதிகம் இடம் கிடையாது. 2015இல் நிர்வாகம் கடும் மதுவகைகளைத் தடை செய்தது, அதே ஆண்டில் உறுப்பினர் உடம்பில் சூடு போட்டதாக எழுந்த புகாரில் ஆல்ஃபா டெல்டா என்ற வீட்டின் அங்கீகாரத்தையும் ரத்து செய்தது. எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. படுக்கை பல்கலையினுடையதாக இருந்தால் மட்டும் போதாது, அது ஓர் இடத்தில் நிலைத்தும் இருக்க வேண்டும் என்பதை டார்ட்மத் காட்டுகிறது.

டார்ட்மத்தில் உருப்படியான ஒரு விதி உண்டு: இரண்டாம் ஆண்டுக்கு முன் யாரும் சேர முடியாது. ஒரு வருட மதிப்பெண், ஒரு வருட நட்புகள், கொஞ்சம் விவரம், எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ரஷ், அதாவது புது உறுப்பினர் சேர்க்கை. பிரின்ஸ்டன் 2012இல், முதலாண்டு மாணவர்கள் ஃப்ரட்டர்னிட்டிகளிலோ சொராரிட்டிகளிலோ சேர்வதற்குத் தடை கொண்டுவந்தது. கார்னெல், வாண்டர்பில்ட் போன்ற இடங்களில் ரஷ் இரண்டாம் செமஸ்டரில் நடக்கிறது. தெற்கின் பெரிய மாநிலப் பல்கலைகளில் சொராரிட்டி ரஷ் ஆகஸ்ட்டில், பெரும்பாலும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எந்தக் கல்லூரி என்று பார்க்கும்போதே ரஷ் எந்த மாதம் என்றும் பாருங்கள். ரேங்க் அட்டவணையில் நாலு இடம் முன்னே பின்னே இருப்பதைவிட இது பிள்ளையின் முதல் வருடத்தை அதிகமாகப் பாதிக்கும்.

ஹார்வர்ட் தன் கல்விப் பெயரையே ஆயுதமாக எடுத்த ஒரு தருணம் உண்டு. அங்கே ஃபைனல் கிளப் என்ற பழைய ஆண்கள் கிளப்புகளை 1984லேயே பல்கலை தள்ளிவைத்துவிட்டது. ஆனால் அவற்றுக்குச் சொந்தக் கட்டடமும் வைப்புநிதியும் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. 2016 மே மாதம் தலைவர் ட்ரூ ஃபாஸ்ட் புது விதி அறிவித்தார்: ஆண்கள் மட்டும் அல்லது பெண்கள் மட்டும் சேரும், பல்கலை அங்கீகரிக்காத சங்கத்தில் இருப்பவர்கள் விளையாட்டு அணித் தலைவராகவோ மாணவர் அமைப்புத் தலைவராகவோ ஆக முடியாது, ரோட்ஸ், மார்ஷல் போன்ற உதவித்தொகைகளுக்குப் பல்கலையின் பரிந்துரையும் கிடையாது. அடி யார் மேல் விழுந்தது? கட்டடமும் பணமும் உள்ள ஆண்கள் கிளப்புகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. வீடில்லாத, வாடகை இடத்தில் கூடிய சொராரிட்டிகள் கலைந்தன, அல்லது பெயரை மாற்றிக்கொண்டு எல்லோரையும் சேர்த்தன. 2018 டிசம்பரில் வழக்கு வந்தது. 2020 ஜூனில், பாலினப் பாகுபாடு பற்றிய பாஸ்டாக் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வழங்கியதும், இனி வழக்கில் நிற்க முடியாது என்று கண்ட அப்போதைய ஹார்வர்ட் தலைவர் லாரன்ஸ் பாக்கோ விதியைக் கைவிட்டார். சொத்துள்ளவன் தப்பித்து, இல்லாதவள் மாட்டிக்கொண்ட அந்த நான்கு வருடத்தை இன்னும் கோபத்தோடுதான் நினைக்கிறேன்.

மறுமுனைக்கு வருவோம். அலபாமா பல்கலையில் 10,000க்கும் மேற்பட்டோர் கிரேக்க எழுத்துச் சங்கங்களில் இருக்கிறார்கள். மாணவர்களில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தவர். அவர்கள் கட்டும் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்குப் பெரிய உதவித்தொகை தருகிறார்கள், கூடவே கால்பந்தையும் சொராரிட்டி வாழ்க்கையையும் கடை விரிக்கிறார்கள். இங்கே பல்கலையின் பெயரும் ஃப்ரட்டர்னிட்டியும் எதிரிகள் அல்ல, ஒரே வியாபாரத்தின் இரண்டு கைகள். வளாகத்துக்குள் எழுந்திருக்கும் பிரம்மாண்ட வீடுகளைப் பார்த்தாலே புரியும். அதே வளாகத்தில் 2013வரை வழக்கமான சொராரிட்டிகளில் கறுப்பினப் பெண்களுக்கு இடம் கிடைப்பது மிக அரிதாக இருந்தது. மதிப்பெண்ணிலும் மற்றவற்றிலும் சிறந்த ஒரு மாணவியைப் பழைய மாணவிகள் தலையிட்டுத் தடுத்ததை மாணவர் பத்திரிகை வெளிக்கொண்டு வந்த பிறகுதான், தலைவர் ஜூடி பானர் சேர்க்கையைத் திரும்பத் திறக்க உத்தரவிட்டார்.

வீடே இல்லாமல் மதிப்பை உண்டாக்கிய சங்கங்களும் உண்டு, அவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை. கார்னெலில் 1905-06இல் கறுப்பின மாணவர்கள் ஒரு சிலரே. முந்தைய வருடம் சேர்ந்தவர்கள் படிப்பைத் தொடரத் திரும்பி வரவில்லை. மிஞ்சியவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஒரு படிப்புக் குழு அமைத்தார்கள். 1906இல் அது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா ஆனது. 1908இல் ஹோவர்ட் பல்கலையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தொடங்கியது, கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். இப்படி வந்த ஒன்பது சங்கங்களில் உறுப்பினர் கல்லூரியோடு விடுவதில்லை; பட்டதாரிகளுக்கான கிளைகளில் ஆயுள் முழுக்கத் தொடர்கிறார்கள். துளசேந்திரபுரத்து வேர்கள் கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான். அவருடைய பிரசாரத்தில் அந்தச் சகோதரிகள் எவ்வளவு திரண்டார்கள் என்பதை நாடே பார்த்தது. 1990கள் முதல் தெற்காசிய மாணவர்களும் தமக்கென்று சங்கங்கள் தொடங்கினார்கள். பென்சில்வேனியா பல்கலையில் 1996இல் வந்த சிக்மா பீட்டா ரோ, டெக்சஸ் ஆஸ்டினில் 1998இல் வந்த டெல்டா எப்சிலான் சை ஆகியவற்றில் தமிழ்ப் பெயர்களையும் காணலாம்.

இனி மதிப்பெண். ஃப்ரட்டர்னிட்டிகளின் சராசரி ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வளாகச் சராசரியைவிட அதிகம் என்று பல பல்கலைகளில் இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கிரேக்க வாழ்க்கை அலுவலகம் பெருமையாக அறிவிக்கும். பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு வடிகட்டி ஒளிந்திருக்கிறது: சேரவே பெரும்பாலும் 2.5 அல்லது அதற்கு மேல் வேண்டும், கீழே விழுந்தவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஓஹையோவின் மயாமி பல்கலைப் பொருளியலாளர்கள் வில்லியம் ஈவன், ஆஸ்டின் ஸ்மித் இருவரும், ஒரு பெரிய அரசுப் பல்கலையில் சேர்க்கைக்கு வேண்டிய குறைந்தபட்ச ஜி.பி.ஏ.வுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருந்தவர்களை ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்களின் மதிப்பெண் 0.1 முதல் 0.3 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு) குறைந்தது. பிற்காலச் சம்பளத்தில் ஆதாயம் தென்படவில்லை. யூனியன் கல்லூரிப் பொருளியல் துறையினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு வடகிழக்கின் ஒரு சிறு கல்லூரியைப் பற்றியது. அதில் ஜி.பி.ஏ. சுமார் 0.25 குறைந்தது, வருமானமோ சுமார் 36 சதவீதம் கூடியது. இரண்டு ஆய்வும் மதிப்பெண் விஷயத்தில் ஒத்துப்போகின்றன, பணத்தில் முரண்படுகின்றன. சிறு தனியார் கல்லூரியில் பழைய மாணவர் வலை இறுக்கமானது, பெரிய அரசுப் பல்கலையில் அது நீர்த்துப்போகிறது என்று நான் இதை வாசிக்கிறேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 36 சதவீதம், வளாகத்தின் குடியிருப்புச் சூழல் மாறியதால் சேரலாமா வேண்டாமா என்ற முடிவு மாறியவர்களுக்கான மதிப்பீடு. எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

0.25 என்பது கேட்கச் சின்னது. ஒரு செமஸ்டரில் ஐந்து பாடம் என்றால், ஒரு பாடத்தில் ஏ வாங்க வேண்டியவர் பி வாங்கினால் 0.2 போய்விடும். ஆக ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு பாடத்துக்கு மேல் ஒரு படி சறுக்குவதற்குச் சமம் அது. மருத்துவப் பள்ளிகளில் இடம் பெறுபவர்களின் சராசரி 3.7க்கு மேல் இருக்கிறது. அந்தப் பாதையில் போகும் பிள்ளைக்கு இது பெரிய ஓட்டை. விற்பனை, நிதித்துறை என்று போகிறவருக்கு அதே 0.25 அவ்வளவு வலிக்காது.

மதிப்பெண் அறிக்கையை எப்படிப் படிப்பது? பெரும்பாலான பல்கலைகள் செமஸ்டர்தோறும் சாப்டர்வாரியாக (சாப்டர் என்பது அந்த வளாகத்தில் உள்ள சங்கக் கிளை) வெளியிடுகின்றன. முதலில் ஆண்கள் சங்கத்தை அனைத்து ஆண்கள் சராசரியோடும் பெண்கள் சங்கத்தை அனைத்துப் பெண்கள் சராசரியோடும் ஒப்பிடுங்கள். பெண்களின் சராசரி பொதுவாகவே அதிகம், மொத்த வளாகச் சராசரியோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு சொராரிட்டியும் ஜொலிக்கும். அடுத்து, புது உறுப்பினர்களின் சராசரி தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். ரஷ் முடிந்து சேர்ப்புக் காலம் ஓடும் அந்த ஆறு முதல் எட்டு வாரங்களில்தான் படிப்பு அடிவாங்குகிறது. மூத்தவர்கள் 3.4, புதியவர்கள் 2.9 என்று இருந்தால் அந்த வீடு புதியவர்களின் நேரத்தை விழுங்குகிறது. நாலைந்து செமஸ்டர் அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது ஒருமுறை நடந்ததா, வழக்கமா என்று தெரிந்துவிடும்.

உறுப்பினர் எண்ணிக்கையையும் பாருங்கள். பத்துப் பேர் கொண்ட சாப்டரின் சராசரி 3.5 என்றால், 3.5 வாங்கும் ஒருவர் போய் 1.5 வாங்கும் ஒருவர் வந்தாலே 3.3க்கு இறங்கிவிடும். சின்ன சாப்டரின் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் அதிக அர்த்தம் இல்லை. எந்தத் துறைக்காரர்கள் அதிகம் என்பது அறிக்கையில் இருக்காது, நேரில் கேட்க வேண்டும். பொறியியல் மாணவர்கள் நிறைந்த வீடு 3.2இல் இருப்பது வேறு, எளிதான பாடங்களாகத் தேடி எடுப்பவர்கள் நிறைந்த வீடு 3.2இல் இருப்பது வேறு. பேர்பெற்ற பல்கலைகளில் இந்தக் குறைந்தபட்ச வரம்புக்குப் பொருளே இல்லை. ஹார்வர்டின் சராசரி ஜி.பி.ஏ. 2020-21இல் 3.80 என்று அந்தப் பல்கலையே அறிக்கை வெளியிட்டது. அப்படிப்பட்ட வளாகத்தில் 2.5 என்ற வரம்பு யாரையும் வடிகட்டாது.

"எங்கள் வீட்டில் கட்டாயப் படிப்பு நேரம் உண்டு" என்பார்கள். வாரத்துக்கு எத்தனை மணி என்பதைவிட, அது எப்படிப் பதிவாகிறது என்று கேளுங்கள். நூலகத்தில் அட்டையைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கணக்கு என்றால் அது இருக்கைக் கணக்கு, படிப்புக் கணக்கு அல்ல. மூத்த மாணவர் உட்கார்ந்து கணிதமோ வேதியியலோ சொல்லித்தரும் வீடுகள் உண்மையில் உதவுகின்றன. பழைய வினாத்தாள் கோப்புகள் பல வீடுகளில் தலைமுறைகளாகச் சேர்ந்திருக்கின்றன, எம்.ஐ.டி. பிள்ளைகள் இப்படிப்பட்ட தொகுப்புகளை பைபிள் என்றே அழைப்பார்கள். பேராசிரியர் வெளியிட்ட தாளைப் பார்த்துப் பழகுவது தவறில்லை. திருப்பித் தரச் சொன்ன தாளோ, இந்த வருடமும் அதே வீட்டுப்பாடம் வரும் என்று தெரிந்து வைத்திருக்கும் விடையோ என்றால் ஒழுங்கு நடவடிக்கை பாயும், அப்போது சாப்டர் கூட வந்து நிற்காது.

சொராரிட்டி ரஷ்ஷில் கையெழுத்து விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். தேசியச் சொராரிட்டிகளின் கூட்டமைப்பு வகுத்த முறையில் சுற்றுகள் படிப்படியாகச் சுருங்கும்: முதலில் எல்லா வீடுகளும், பிறகு அவர்களின் அறப்பணி, பிறகு சகோதரித்துவம், கடைசியில் விருப்பச் சுற்று. அது முடிந்த கையோடு ஒரு ஒப்பந்தத்தில் வீடுகளை வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பட்டியலில் எந்த வீடு பொருந்தி வந்தாலும் அது கட்டுப்படுத்தும். "இரண்டாவதாக எழுதிய வீடு வந்துவிட்டது, எனக்கு வேண்டாம்" என்றால் அடுத்த முதன்மை ரஷ் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு வருடம், அதே வளாகத்தில் இந்தக் கூட்டமைப்பின் வேறு எந்தச் சொராரிட்டியிலும் சேர முடியாது. சேரவே மனமில்லாத வீட்டின் பெயரை, இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று எழுதிவிடாதீர்கள். ஒரே வீட்டை மட்டும் எழுதலாம், ஆனால் அது கிடைக்காவிட்டால் அந்த முறை எதுவும் கிடைக்காமல் போகலாம். ஃப்ரட்டர்னிட்டிகளில் இவ்வளவு கெடுபிடி இல்லை, பெரும்பாலும் பேசிப் பழகி அழைப்புக் கொடுப்பார்கள். கட்டணத்தைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: தேசியச் சந்தா, காப்பீடு, சாப்பாடு, வீட்டு நிதி, முதல் செமஸ்டருக்கு மட்டுமான சேர்ப்புக் கட்டணம். வீட்டில் தங்காதவரும் வீட்டு நிதிக்குக் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டில் அங்கேயே தங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

ஹேசிங், அதாவது சங்கத்தில் சேர வருபவரை வதைத்துச் சோதிப்பது, நம் ஊர் ராகிங் போலத் தோன்றினாலும் இயங்கும் விதம் வேறு. ராகிங் வகுப்புக்கு வந்த எவர் மீதும் பாயும். ஹேசிங்கில் சேர ஆசைப்படுபவர் தானே தலையைக் கொடுக்கிறார், பாதியில் விட்டுப் போக வெட்கப்படுகிறார். அதனால்தான் வெளியே புகார் வருவதே அரிது. கல்லூரியின் பெயர் இதில் எந்தப் பாதுகாப்பும் தராது, எம்.ஐ.டி. போன்ற இடத்திலேயே உயிர் போயிருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் சட்டம், ஹேசிங் விதியை மீறியதாகக் கண்டறிந்த சங்கங்களின் பெயரையும் நடந்ததையும் தண்டனையையும் பல்கலைகள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. ரஷ்ஷுக்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, பிள்ளை சொல்லும் வீட்டின் பெயரைத் தேடுங்கள். பெயர் இல்லை என்றவுடன் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அந்தப் பட்டியல் பல்கலை அங்கீகரித்த சங்கங்களுக்கு மட்டுமானது. டியூக்கில் 2021இல் சில ஃப்ரட்டர்னிட்டிகள் பல்கலையை விட்டு விலகித் தனிக் குழுவாக இயங்கத் தொடங்கியதுபோல, வெளியே போய்விட்ட வீடுகளை அங்கே பார்க்க முடியாது. அங்கீகாரம் இல்லாத குழுக்களில் நடந்தவை ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் வெறும் எண்ணிக்கையாகத்தான் வரும். எந்த வீடு என்று தெரிந்துகொள்ள, கிரேக்க வாழ்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த வீட்டுக்கு இன்று அங்கீகாரம் இருக்கிறதா, கடைசியாக எப்போது ரத்தானது, இப்போது ஏதாவது விசாரணை நடக்கிறதா. நடக்கும் விசாரணையின் விவரத்தைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அங்கீகாரம் உண்டா இல்லையா என்பதை மறைக்க மாட்டார்கள்.